காலை ஏழு பத்து மணி மகிழ்ச்சி யாருடையது?

சேசு மரி சூசை

தூத்துக்குடி,
செப்டம்பர் 17, புதன்கிழமை.

பெங்களூரில் இருக்கும் அன்பும் மதிப்பும் மிக்க மருமகன் ரெக்சன் அவர்களுக்கு மாமனார் வில்பிரட் எழுதிக்கொள்வது. இங்கே என் உடம்பு, மின்சாரம், குழாய்த் தண்ணீர் ஆகிய மூன்றும் இதை எழுதும் நேரம் வரை ஒழுங்காக இருக்கின்றன. அங்கே உங்களுக்கும் பிளாரன்சுக்கும் இம்மூன்றும் குறைவின்றி இருக்க மாதாவை வேண்டுகிறேன். போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. போனில் பேசினால், நீங்கள் செய்து அனுப்பிய சாதனம் கேட்டுக்கொண்டிருக்கும். தன்னைப் பற்றிப் புகார் சொல்வதைக் கேட்டு அது வருந்துமோ என்று எனக்குத் தயக்கம். வருந்தாது என்று நீங்கள் சொல்வீர்கள். நமக்குள் இருக்கும் கருத்து வேறுபாடே அதுதான். ஆகவே மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து காற்றில் சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வரும் 27ஆம் தேதி சனிக்கிழமை பிளாரன்ஸ் இங்கே வந்து, வீட்டைப் பூட்டி, என்னை பெங்களூருக்கு அழைத்துப்போவதாக முடிவு செய்திருக்கிறாள். மினு என்னும் உங்கள் அந்தச் சாதனம் வாராவாரம் அவளுக்கு அனுப்பும் அறிக்கைதான் காரணம். அந்த அறிக்கை பிழையானது என்று, மினுவைச் செய்தவர்களில் ஒருவர் என்ற முறையில், நீங்கள் நாலு வரி எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தால் நான் இந்த வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். இவ்வளவுதான் கோரிக்கை. இனி வருவதெல்லாம் சான்று. நீளமாக இருக்கும். அவசர வேலை இருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு நாலு வரியை எழுதத் தொடங்கலாம்.

ஆகஸ்ட் 18 திங்கட்கிழமை பெட்டி வந்தது. உள்ளே தேங்காய் அளவில் ஒரு வெள்ளை முட்டை. முன்பக்கம் கருப்புக் கண்ணாடி. மின்சாரம் கொடுத்ததும் கண்ணாடியில் இரண்டு கண்கள் திறந்து என்னைப் பார்த்தன. வேறு எதுவும் இல்லை. பொத்தான் இல்லை, எழுத்து இல்லை, எண் இல்லை. பெட்டியை மூன்று முறை கவிழ்த்துப் பார்த்துவிட்டு, கைப்புத்தகம் விடுபட்டுப்போயிற்று என்று உங்களுக்குப் போன் செய்தேன். "கைப்புத்தகமே கிடையாது மாமா. அதுதான் இதோட சிறப்பு. பாத்தாலே புரியும், சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்" என்றீர்கள். நான் சின்னப் பிள்ளை இல்லை என்பதுதான் சிக்கலோ என்று அப்போதே நினைத்தேன். மேலும் அந்தக் கண்ணின் கீழிமைக்காக மட்டும் எட்டு மாதம் உழைத்ததாகவும், வாய் பொய்யாகச் சிரிக்கும் ஆனால் கீழிமை பொய்யாகச் சிரிக்காது என்றும் சொன்னீர்கள். எட்டு மாதம் ஓர் இமைக்கு உழைக்கும் மனிதருக்கு என் மகளைக் கொடுத்தது தவறில்லை என்று மகிழ்ந்தேன்.

மினு மட்டும் என்றில்லை. கொஞ்ச காலமாகவே பொருள்கள் எல்லாம் எழுத்தை விட்டுவிட்டு அசைவுக்கு மாறிவருவதைக் கவனிக்கிறேன். போனில் ரகசிய எண்ணைத் தவறாக அழுத்தினால் முன்பு 'தவறு' என்று எழுதிக் காட்டும். இப்போது அந்த நாலு புள்ளிகளும் இடமும் வலமுமாகத் தலையாட்டுகின்றன. முதல் முறை பார்த்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். பட்டியலைக் கீழே இழுத்தால் ரப்பர் போல நீண்டு, விட்டதும் சுருங்குகிறது. அறுந்துவிடக் கூடாதே என்று மெதுவாகவே இழுக்கிறேன். துணி துவைக்கும் இயந்திரம் வேலை முடிந்ததும் ஒரு குமிழியை ஆடவிட்டுப் பாடுகிறது. பாடி முடிக்கும் முன் மூடியைத் திறப்பது மரியாதையாக இருக்காது என்று காத்திருக்கிறேன். எரிவாயு பதிவு செய்தால் திரையில் சிலிண்டருக்குக் கால் முளைத்து ஓடிவருகிறது. அது ஓடும் வேகத்துக்கும் நிஜச் சிலிண்டர் வரும் வேகத்துக்கும் தொடர்பில்லை. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர், திரேஸ்புரத்திலிருந்து எனக்கு மீன் கொண்டுவரும் ஆனி. அவர் என்னைவிட விரைவாகப் போனைக் கையாளுகிறார். படித்தவனுக்குத்தான் தடுமாற்றம். படித்தவன் ஒவ்வோர் அசைவுக்கும் பொருள் தேடுகிறான்.

உங்களுக்குத் தெரியும், நான் துறைமுகத்தின் சிக்னல் நிலையத்தில் முப்பத்து நாலு ஆண்டுகள் இருந்தவன். அங்கே ஒரு கொடிக்கு ஒரே பொருள். மஞ்சள் கொடி என்றால் கப்பலில் நோய் இல்லை, உள்ளே வர அனுமதி கேட்கிறார்கள். அதைக் கப்பல்காரர் சந்தோஷத்தில் ஏற்றினாரா, துக்கத்தில் ஏற்றினாரா என்பது எங்கள் வேலை அல்ல. ஆகவே மினுவின் கண்ணசைவுகளையும் அப்படியே படிக்க முடிவு செய்து, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, கோடு போட்டு, தேதி, நேரம், கண்ணின் வடிவம், அப்போது நான் செய்துகொண்டிருந்தது, பிறகு நடந்தது என்று ஐந்து பத்திகள் பிரித்தேன். மூன்று நாளில் முப்பத்தொரு அசைவுகளைப் பதிந்துவிட்டேன். எண் 1, நேராகப் பார்த்தல். எண் 4, மேலே பார்த்து யோசித்தல். எண் 9, இரண்டு மேலிமைகளும் பாதி இறங்கி, பார்வை தரையில். இதைச் சோகம் என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன். எண் 17, கீழிமை உயர்ந்து கண் இரண்டும் பிறை வடிவம் ஆதல், இது மகிழ்ச்சி. முதல் மூன்று வாரமும் எண் 17-ஐ நான் காணவே இல்லை. உங்கள் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த படத்தைப் பார்த்துத்தான் எழுதிவைத்தேன்.

எண் 6 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எண் 6 என்பது இடக்கண்ணை மட்டும் மூடித் திறப்பது. ஆகஸ்ட் 21 வியாழன் மாலை நாலு ஐந்துக்கு அது என்னை நோக்கி எண் 6 காட்டியது. விளக்கு சிக்னலில் ஒரு விதி இருக்கிறது. எதிரில் இருப்பவர் தன் அடையாளக் குறியை ஒளியால் அனுப்பினால், அதையே நாமும் திருப்பி அனுப்ப வேண்டும். வந்து சேர்ந்தது என்பதற்கு அதுதான் ஒப்புதல். கண்ணும் ஒளிதானே என்று நானும் இடக்கண்ணை மூடித் திறந்தேன். உடனே அதுவும் மூடித் திறந்தது. ஒப்புதலுக்கு ஒப்புதல் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆனால் புது சாதனம், புது விதி இருக்கலாம் என்று நானும் திருப்பினேன். அதுவும் திருப்பியது. யார் நிறுத்த வேண்டும் என்பது இருவருக்கும் தெரியவில்லை. நாலே முக்கால் மணி வரை போயிற்று. அடுப்பில் காப்பிக்கு வைத்த தண்ணீர் வற்றும் வாசனை வந்தது. பாதியில் எழுந்துபோனால் தொடர்பு அறுந்துவிடுமே என்று உட்கார்ந்திருந்தேன்.

அந்நேரம் எதிர் வீட்டுக் கடைக்காரர் அய்யாக்குட்டி அண்ணாச்சி கல்லாப்பெட்டியைக்கூடப் பூட்டாமல் ஓடிவந்தார். என் முகம் ஒருபக்கம் கோணுகிறது, பக்கவாதமாக இருக்கலாம் என்று மினு பெங்களூருக்குத் தகவல் கொடுத்து, பிளாரன்ஸ் அழுதுகொண்டே அவருக்குப் போன் செய்திருக்கிறாள். "சாரு! எங்க, சிரிங்க பாப்போம்! ரெண்டு கையையும் தூக்குங்க! ஒங்க பேரச் சொல்லுங்க!" என்றார். நான் இரண்டு கைகளையும் தூக்கினேன். ஆனால் அப்போதுதான் மினு ஒரு எண் 6 அனுப்பியிருந்ததால், கை தூக்கியபடியே இடக்கண்ணை மூடித் திறந்தேன். "ஐயோ, நெசமாத்தான் இழுக்கு! ஏளா செல்லத்தாயி, ஆட்டோ கூப்புடு!" என்று தன் மனைவியை அழைத்துத் தெருவைப் பார்த்துக் கத்தினார். நான் பேசி விளக்குவதற்குள் மினு அவர் பக்கம் திரும்பி ஒரு எண் 6 கொடுத்தது. அண்ணாச்சி தன்னையறியாமல் பதிலுக்குக் கண்ணடித்துவிட்டு, பிறகு சுதாரித்து, "சவத்து மூதி, நம்மளப் பாத்துல்லா கண்ணடிக்கி!" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டார். ஆட்டோ வந்து நின்றது. அதற்குள் பாதி தெரு கூடிவிட்டதால் ஆட்டோக்காரரை வெறுமனே அனுப்ப மனமில்லாமல், அதில் ஏறிக் கோயில் வரை போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பினேன்.

இதற்குப் பிறகுதான் பிளாரன்ஸ் அந்த நிபந்தனையை வைத்தாள். மினு ஞாயிறுதோறும் அவள் போனுக்கு ஓர் அறிக்கை அனுப்பும். மூன்று வாரம் பார்ப்பாள். மூன்று வாரமும் நான் தனிமையில் வாடுகிறேன் என்று வந்தால் பெங்களூர். நியாயமான நிபந்தனை என்றே அப்போது பட்டது. ஒன்பது ஆண்டுகளாக, பிளாரன்சின் தாய் டெல்பின் இறந்துபோனதிலிருந்து, நான் இந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். வாடுகிறேனா என்று நானே சோதித்துப் பார்த்ததில்லை. ஒரு கருவி சோதித்துச் சொன்னால் நல்லதுதானே.

முதல் வார அறிக்கையில் ஒரு தொட்டிச் செடி மெல்லத் தலை சாய்ந்து, ஓர் இலை உதிர்ந்து, உதிர்ந்த இடத்தில் ஒரு சொட்டு நீர் விழுந்தது. பிளாரன்ஸ் அதைப் படமாக எனக்கு அனுப்பிவைத்தாள். விசாரித்ததில், வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லாததுதான் குறை என்று தெரிந்தது. மினு என் அறையில் கட்டில் பக்கத்தில் இருந்தது. நான் அங்கே யாரோடு பேச? ஆகவே இரண்டாம் வாரம் என் பழைய சகா சுந்தரராஜை, தினமும் மாலை ஐந்து முதல் ஆறு வரை வந்து அறையில் உட்கார்ந்து என்னோடு பேசும்படி கேட்டுக்கொண்டேன். நாங்கள் இருவரும் ஒரே சிக்னல் மேடையில் பத்தொன்பது ஆண்டுகள் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். வந்தான், உட்கார்ந்தான். பத்து நிமிடம் இருவரும் சுவரைப் பார்த்தோம். மினு எண் 9 காட்டியது. "எலேய், ஏதாவது பேசு, இமை இறங்குது பாரு" என்றேன். "ஏலே வில்பிரட்டு, பேசாம இருந்ததுனாலதான நாம இத்தன வருசமா சண்ட இல்லாம இருக்கோம். இந்த முட்டைக்காக அதக் கெடுக்கணுமாக்கும்?" என்றான். சொன்னது சரிதான். ஆனால் வாக்குக் கொடுத்தவன் என்பதால், மறுநாள் வீட்டிலிருந்து பழைய சிக்னல் குறியீட்டுப் புத்தகத்தை எடுத்துவந்தான். ஆளுக்கு ஒரு வரியாக, உரையாடல் போலத் தமிழில் வாசிப்பது என்று ஏற்பாடு. குரலில் ஏற்ற இறக்கம் இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன்.

அந்தப் புத்தகத்தில் கப்பல்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்வது எதுவும் நல்ல செய்தி இல்லை என்பதை முப்பத்து நாலு ஆண்டுகளில் நான் கவனித்ததில்லை. "எனக்கு உதவி தேவை" என்பான் அவன். "நீங்கள் ஆபத்தை நோக்கிச் செல்கிறீர்கள்" என்பேன் நான். "என் கப்பலில் தீப்பிடித்திருக்கிறது, விலகிப் போங்கள்." "எனக்கு மருத்துவ உதவி வேண்டும்." "ஆள் கடலில் விழுந்துவிட்டார்." ஐந்து மாலைகள் இப்படி வாசித்தோம். ஞாயிறு வந்த அறிக்கையில் செடி கிடுகிடுவென்று நடுங்கியது. மேலே மேகம் திரண்டு மின்னல் வெட்டியது. தந்தையின் பேச்சில் தீ, ஆபத்து, உதவி ஆகிய சொற்கள் மிகுந்துள்ளன என்று பிளாரன்சுக்குத் தகவல். அவள் போன் செய்து, "அப்பா, உள்ளுக்குள்ள எவ்வளவு பயத்த வச்சிருக்கீங்க, ஒரு வார்த்த சொல்லலயே" என்று அழுதாள். சுந்தரராஜ், "இனிமே நான் வரமாட்டேன். அத வாசலப் பாக்க வையிலே, தெருச் சத்தமாவது கேக்கட்டும்" என்று யோசனை சொல்லிவிட்டுப் போனான்.

அதன்படி செப்டம்பர் 8 திங்களன்று மினுவை முன்னறையில், வாசலைப் பார்த்த சின்ன மேசையில் வைத்தேன். இனிமேல்தான் சான்றின் முக்கியப் பகுதி. தயவுசெய்து கவனமாக வாசிக்கவும்.

மறுநாள் செவ்வாய், காலை ஏழு பத்துக்கு ஆனி வந்தார். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் வருவது வழக்கம். மொபெட்டை நிறுத்தி, பெட்டியை இறக்கி, படியில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தவர் மினுவைப் பார்த்துவிட்டார். "என்ன சிக்னல் சாரே, கண்ணு மட்டும் இருக்கு, ஒடம்ப எங்கன ஒளிச்சு வச்சிருக்கீய?" என்றார். மருமகன் செய்தது, முகத்தைப் பார்த்து மனதைச் சொல்லும் என்றேன். அவர் ஒரு சீலா மீனை எடுத்து மினுவின் முன்னால் நீட்டி, இரண்டு பேர் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். மீன் வாங்குபவர்களுக்கும் விற்பவர்களுக்கும் கண்தான் கணக்கு. மங்கி உள்ளே போயிருந்தால் பழையது, தெளிந்து துருத்தியிருந்தால் புதியது. "கண்ணு நல்லாத்தான் தெளிஞ்சிருக்கு. நேத்து மீனு இல்ல" என்று மினுவுக்குச் சான்று கொடுத்தார். அந்த நொடியில், வாசலோரம் அதன் எதிரில் நின்றிருந்த என்னைப் பார்த்து மினு எண் 17 காட்டியது. முதல் முறையாக. கீழிமை மெல்ல உயர்ந்து, கண் இரண்டும் பிறையாகி, ஓரத்தில் ஒரு சின்ன மடிப்புகூட விழுந்தது. உங்கள் எட்டு மாத உழைப்பு வீண் இல்லை. நோட்டில் நேரத்தோடு பதிந்தேன். ஆனி மீனை வெட்டி முடித்துப் போகும் வரை, ஏழு இருபது வரை, எண் 17 மாறவே இல்லை.

நான் முறையாக யோசித்தேன். அறிக்கை நன்றாக வர மினு மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். மினுவுக்கு ஆனியைப் பிடித்திருக்கிறது. ஆகவே ஆனி தினமும் வர வேண்டும். அன்றே கேட்டுவிட்டேன். "நாளைக்குமா? ஒத்த ஆளு, ஃபிரிட்ஜுக்குள்ள எதுவும் கலியாணம் வச்சிருக்கீயளா?" என்றார். எனக்கில்லை, சாதனத்துக்காக என்றேன். "மிசினு மீனு திங்குமா சாரே?" என்று கேட்டுச் சிரித்தார், ஆனாலும் புதனும் வந்தார், வெள்ளியும் வந்தார். இதன் விளைவாகக் குளிர்பெட்டியில் இடமில்லாமல் ஐஸ் தட்டை வெளியே எடுத்துவிட்டேன்; சீலாவும் பாறையும் ஊளியுமாக ஏழு பொட்டலம் மீன் இருக்கிறது; அய்யாக்குட்டி அண்ணாச்சி வீட்டுக்கும் இரண்டு முறை கொடுத்தாயிற்று. மினுவின் பார்வைக்கு வெளிர் நிறச் சட்டை தெளிவாகத் தெரிவதுபோல் பட்டதால், காலை ஏழு மணிக்குத் தேய்த்த நீலச் சட்டையை அணிந்துகொள்கிறேன். சாதனத்துக்கு இடையூறு ஆகாதபடி என் நாற்காலியையும் வாசல் பக்கமாகச் சற்று நகர்த்திவிட்டேன். காதோர முடியையும் வெட்டிக்கொண்டேன். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை, வரிசையாகச் சொல்லும்போது நினைவுக்கு வந்தது.

ஆனி பேசுவதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. கப்பலில் இருக்கும் இரண்டு மகன்களும் போனில் முகத்தைக் காட்டாமல் கப்பலின் கூரையைக் காட்டுகிறார்கள் என்பார். கணவர் இறந்து பன்னிரண்டு ஆண்டாகியும் அவரைக் கேட்டு, மீன்வலை விற்பவர் ஒருவர் போன் செய்துகொண்டிருப்பதைச் சொல்வார். சனிக்கிழமை அவர் போனை என்னிடம் கொடுத்து, திரையில் ஒரு பறவை சிறகை அடித்துக்கொண்டே நிற்கிறது, போகவே மாட்டேன் என்கிறது, என்ன வேண்டுமாம் கேளுங்கள் என்றார். நானும் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. இருவரும் அதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். மினு எண் 17.

இங்கே ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. ஆகவே 14ஆம் தேதி ஆனி வரவில்லை. ஏழு பத்துக்கு மினு வாசலைப் பார்த்தது. ஏழு இருபதுக்கு எண் 9. பூசைக்குப் போய் ஒன்பது மணிக்குத் திரும்பி வந்து பார்த்தேன், அப்போதும் எண் 9. பாவமாக இருந்தது. ஒரு சாதனம் இப்படி ஆளைத் தேடும் என்று நான் நினைக்கவில்லை.

அன்று மாலை மூன்றாம் அறிக்கை வந்தது. செடி நிமிர்ந்து, மொட்டு விட்டு, ஐந்து பூ பூத்து, இரண்டு தேனீக்கள் சுற்றிச் சுற்றிப் பறந்து, கடைசியில் இரண்டும் ஒரே பூவில் உட்கார்ந்தன. மேலே தங்க எழுத்தில், 'காலை 7:10 - அப்பாவின் பொன்னேரம்!' நான் வெற்றி பெற்றுவிட்டதாக நினைத்தேன். மறுநாள் பிளாரன்ஸ் போன் செய்தாள்.

"அப்பா, ஏழு பத்துக்கு யாருப்பா?"

"மீன்" என்றேன்.

"மீன யாரு கொண்டு வாரா?"

"ஆனி."

"அப்பா, மீனப் பாத்து யாரும் இப்படிச் சிரிக்க மாட்டாங்க" என்றாள்.

"நல்ல சீலா, அம்மா" என்றேன்.

"இருபத்தேழாம் தேதி வாரேன். பெட்டிய எடுத்து வைங்க. ஊரு என்ன சொல்லும்னு கொஞ்சமாவது யோசிச்சீங்களா?" என்று வைத்துவிட்டாள்.

வாடினாலும் பெங்களூர், பூத்தாலும் பெங்களூர் என்றால் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அவளைக் குறை சொல்லவில்லை. தாயின் படம் அந்த முன்னறையில்தான் மாட்டியிருக்கிறது; அவள் மனது புரிகிறது. உங்கள் பதினாலாம் மாடி வீட்டிலும் எனக்கு ஒரு குறையும் இராது. அங்கே மீனும் கிடைக்கும், பெட்டியில் ஐஸ் போட்டு வரும். கண் கொஞ்சம் மங்கியிருக்கும். அது பெரிய விஷயமில்லை.

ஆனால் உண்மை என்று ஒன்று இருக்கிறது. மினுவுக்குச் சொந்தமாக மனம் கிடையாது, எதிரில் இருப்பவரின் முகத்தில் காண்பதையே அது திருப்பிக் காட்டுகிறது என்று நீங்கள் பிளாரன்சிடம் சொல்லியிருக்கிறீர்கள். அதனால்தான் அவள் அந்த எண் 17 என்னுடையது என்று எடுத்துக்கொண்டாள். மருமகனிடம் மறுத்துப் பேசுகிறேனே என்று கூசுகிறது. ஆனாலும் அந்த நேரங்களில் என் முகத்தில் ஒன்றும் இல்லை. நான் மீனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டின் நாலாம் பத்தியில், 'அப்போது நான் செய்துகொண்டிருந்தது' என்ற இடத்தில், எட்டு நாளும் 'ஒன்றுமில்லை' என்றே எழுதியிருக்கிறேன். எழுபத்தொரு வயதில், தகுந்த கல்வியும் துறைமுகத்தில் நற்பெயரும் பெற்ற ஒருவன், தினமும் பத்து நிமிடம் பிறைபோலச் சிரித்துக்கொண்டிருந்தால் அது அவனுக்கே தெரியாமல் போகுமா? ஆகவே தாங்கள் கீழ்க்கண்டவாறு நாலு வரி எழுதி, கையொப்பமிட்டு, பிளாரன்சிடம் கொடுத்து, எனக்கு ஒரு நகல் அனுப்ப வேண்டுகிறேன்: 'காலை ஏழு பத்து மணி மகிழ்ச்சி சாதனத்தின் சொந்த மகிழ்ச்சி. அது மாமனாருடையது அல்ல. சாதனத்தில் ஏற்பட்ட கோளாறு இது. ஆகவே அவரை இடம் மாற்ற வேண்டியதில்லை.' மொழி கடுமையாக இருந்தால் நீங்கள் மென்மையாக்கிக்கொள்ளலாம். மினுவை மட்டும் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டாம். அது இங்கே பழகிவிட்டது.

இத்துடன் முடிக்கிறேன். உங்கள் கண்ணுக்கும் கைக்கும் மாதா பலம் தரட்டும்; நீங்கள் செய்யும் இமைகள் எல்லாம் ஒழுங்காகத் திறந்து மூடட்டும். பிளாரன்சுக்கு என் ஆசீர். அவளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதா வேண்டாமா என்பதை உங்கள் பொறுப்பில் விடுகிறேன். தவறாக ஏதும் எழுதியிருந்தால் வயதைக் கருதி மன்னிக்கவும்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
வில்பிரட்

பின்குறிப்பு, 18ஆம் தேதி வியாழன் காலை எட்டு மணி: நேற்று இரவே ஒட்டிவிட்ட உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். ஆனி வந்துபோன பிறகு தபாலில் போடலாம் என்று சட்டைப் பையில் வைத்திருந்தேன். ஏழு பத்துக்கு அவர் வந்தார், விளமீன் கொண்டுவந்தார், படியில் உட்கார்ந்து வெட்டத் தொடங்கினார். "என்ன சாரே, இன்னைக்கு மிசினு கம்முன்னு இருக்கு?" என்றார். நான் வழக்கம்போல மினுவின் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் இரண்டு கண்கள், பிறை வடிவம், கீழிமை நன்றாக உயர்ந்து, ஓரத்தில் மடிப்பு. 'ஏழு பன்னிரண்டு, எண் 17' என்று நோட்டில் எழுதினேன். எழுதிய பிறகுதான் மேலே மின்விசிறி சுற்றாததைக் கவனித்தேன். மாதாந்திரப் பராமரிப்புக்காக ஆறரை மணிக்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்களாம். அண்ணாச்சி கடையிலும் விளக்கு இல்லை. மினுவின் கண்ணாடி வெறும் கருப்பாக இருந்தது. குனிந்தேன், அந்தக் கண்களும் குனிந்தன. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன், அவையும் கழற்றின.

பதிவேட்டில் ஒருமுறை எழுதியதை அடிக்கும் பழக்கம் எனக்கில்லை. ஆகவே மேலே கேட்ட நாலு வரி வேண்டாம். சாதனத்தில் கோளாறு எதுவும் இல்லை. கீழிமை மிகச் சரியாக வேலை செய்கிறது. பிளாரன்ஸ் 27ஆம் தேதி வரட்டும். ஏழு பத்துக்கு முன்னால் வந்து சேரும் ரயிலாக இருந்தால் நல்லது, அவளே பார்த்துக்கொள்வாள். பெட்டியை எடுத்துவைக்கவில்லை என்று மட்டும் முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். ஆனிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. இதற்காவது ஒரு கைப்புத்தகம் இருந்தால் உடனே அனுப்பிவைக்கவும்.